நீல ஃபைல் எது? முக்கிய ஆவணங்களையும் அடையாள விவரங்களையும் பாதுகாக்க முழுமையான வழிகாட்டி

அம்மாவை அவசரமாக மருத்துவமனையில் சேர்த்த அன்று நான் வேறு ஊரில் இருந்தேன். காப்பீட்டு ஆவணம் எங்கே என்று தங்கை தொலைபேசியில் கேட்டாள். "பீரோவில் நீல ஃபைலில் இருக்கிறது" என்று தெம்பாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தாள். "அண்ணா, நீல ஃபைல் நான்கு இருக்கிறது. எது?" நான்கிலும் இல்லை. என் பள்ளிச் சான்றிதழ்களுக்கு நடுவே ஒரு பழுப்பு உறையில் அது கிடந்ததை மறுநாள்தான் கண்டுபிடித்தோம். அதுவரை என்னை ஒழுங்கான ஆள் என்றே நினைத்திருந்தேன். ஒரு காகிதத்தையும் நான் தொலைத்ததில்லை. ஆனால் அந்த ஒழுங்கு முழுக்க என் தலைக்குள் இருந்தது, வீட்டில் இல்லை.

ஆவணப் பாதுகாப்பு என்றவுடன் பூட்டும் சாவியும்தான் நினைவுக்கு வருகின்றன. பூட்டு, வேலையில் ஒரு பகுதி மட்டுமே. தேவைப்படும் நேரத்தில் வீட்டார் எவரும் எடுக்கும்படி இருக்க வேண்டும். வேண்டாதவர் கையில் சிக்கக் கூடாது. அப்படியும் அழிந்துபோனால் மறுபடி வாங்குவதற்கு வழி மிச்சம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை. எளிதில் எடுக்க முடிந்தால் திருடனும் எளிதில் எடுப்பான். எண்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் மாற்று ஆவணம் வாங்க வசதி; அந்தத் தாளைக் கைப்பற்றுகிறவனுக்கும் அதே வசதி. கீழே உள்ள படிகள் இந்த இழுபறிக்கு நான் கண்ட சமரசங்கள்.

மூன்றாவதை, அதாவது அழிந்தால் மறுபடி வாங்க வழி வைப்பதைத்தான், பலரும் மறந்துவிடுகிறார்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில், முன்னாள் படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருந்த அரசு மையத்தில் தீப்பிடித்தது. 1.6 முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை, நுண்படமும் இல்லை. தங்கள் பணிக்கால ஆவணங்களை வீட்டில் வைத்திருந்த வீரர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குச் சம்பளப் பட்டியல், மருத்துவக் குறிப்பு என்று சிதறிக் கிடந்தவற்றிலிருந்து பதிவுகளைத் திரட்ட வேண்டியதாயிற்று. "அரசு அலுவலகத்தில் எல்லாம் இருக்கும்" என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் தரையில் கொட்டுங்கள்

அரை நாள் ஒதுக்குங்கள். பீரோ, மேசை இழுப்பறை, பழைய கைப்பை, வண்டியின் பெட்டி, புத்தகங்களின் நடுப்பக்கம், துணிகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாளின் கீழ் என்று எங்கெல்லாம் காகிதம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் தேடி ஒரே இடத்தில் குவியுங்கள். அன்றைக்கு எதையும் படிக்காதீர்கள். பழைய கடிதம் ஒன்று கையில் அகப்பட்டால் வேலை அதோடு நின்றுவிடும். எதையும் எறியவும் வேண்டாம். களைப்பில் எறிந்தது மறுவாரம் கட்டாயம் தேவைப்படும்.

படி 2: தலைப்பு வாரியாக அல்ல, இழப்பு வாரியாகப் பிரியுங்கள்

வங்கி, வீடு, படிப்பு, மருத்துவம் என்று பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதை அப்புறம் செய்யலாம். முதலில் ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது இன்று எரிந்துபோனால் எனக்கு என்ன ஆகும்?

மாற்றே கிடைக்காதவை முதல் குவியல். கையொப்பமிட்ட மூல உயில், சொத்தின் மூலப் பத்திரம், யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உரிமை தரும் பத்திரங்கள், கையெழுத்துக் கடிதங்கள், படச்சுருள் தொலைந்த பழைய புகைப்படங்கள் ஆகியவை இதில் வரும். உயிலைப் பற்றி ஒரு சங்கதி. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், எழுதியவர் வசமே கடைசியாக இருந்த மூல உயில் அவர் இறந்தபின் கிடைக்காவிட்டால், அவரே அதை ரத்துசெய்யும் எண்ணத்தோடு அழித்துவிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடமுண்டு. அந்த அனுமானத்தை உடைக்கும் சுமை குடும்பத்தார் தலையில் விழும். நகல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாத ஆவணம் அது.

மறுபடி வாங்கலாம், ஆனால் அலைய வேண்டும் என்ற வகை இரண்டாவது குவியல். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், குடியுரிமைத் தாள், ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவை. பெரும்பாலானோருக்கு இந்தக் குவியல்தான் பெரியது.

கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம், உத்தரவாத அட்டை போல இணையத்திலேயே எடுக்கக்கூடியவையும் காலம் முடிந்ததும் பயனற்றவையும் மூன்றாவது. வரி சார்ந்த தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் வரித்துறையின் விதியைப் பாருங்கள். வீடு வாங்கிய செலவு, அதைப் புதுப்பித்த செலவு ஆகியவற்றின் ரசீதுகளை மட்டும் இந்தக் குவியலில் போடாதீர்கள். வீட்டை விற்று, அந்த ஆண்டின் வரிக் கணக்கு முழுதாக முடியும்வரை அவை உங்களோடு இருக்கட்டும்.

படி 3: பட்டியல்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி: பெயர், யாருடையது, வழங்கிய அலுவலகம், வழங்கிய தேதி, காலாவதித் தேதி, மூலம் இருக்கும் இடம், நகல் இருக்கும் இடம். எண்ணைப் பொறுத்தவரை கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதுங்கள். எந்த ஆவணம் என்று அடையாளம் காண அது போதும். நோட்டைத் திருடியவனுக்குப் போதாது. முழு எண்களைப் பூட்டிய மின்கோப்பில் வைப்பதைப் பற்றி ஆறாவது படியில் சொல்கிறேன்.

"மூலம் இருக்கும் இடம்" என்ற கட்டத்தில்தான் என் நீல ஃபைல் புத்தி வேலை செய்யும். "பீரோவில்" என்று எழுதாதீர்கள். "படுக்கையறை பீரோ, மேல் தட்டு, பச்சைப் பெட்டி, உறை 7" என்று எழுதுங்கள். உறைகளுக்கு எண் போடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், கடைக்காரர் அடுத்த முறையும் அதே நிறத்தைத்தான் கொடுப்பார்.

எழுதும்போதே இன்னொரு வேலையும் முடிந்துவிடும். பெயரின் எழுத்துக்கூட்டல், பெயரும் குடும்பப் பெயரும் வரும் வரிசை, பிறந்த தேதி ஆகியவை எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 03/04 என்பது ஓர் அலுவலகத்துக்கு ஏப்ரல் மூன்று, இன்னொன்றுக்கு மார்ச் நான்கு. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தக் கால அவகாசம் இருக்கும்போதே திருத்துங்கள். விசா நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

காலாவதித் தேதியிலும் ஒரு நுட்பம் உண்டு. பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருந்தால்தான் பல நாடுகள் உள்ளே விடும். ஆகவே பட்டியலில் அச்சிட்ட தேதிக்குப் பக்கத்தில் "புதுப்பிக்க வேண்டிய தேதி" என்று அதற்கு ஒன்பது மாதம் முந்தைய தேதி ஒன்றை எழுதுங்கள். நாள்காட்டியில் நினைவூட்டல் வைக்க வேண்டியதும் இந்தத் தேதிக்குத்தான்.

படி 4: காகிதத்துக்கு நாம் செய்யும் கொடுமைகள்

கறையானும் வெள்ளமும் செய்யும் சேதத்தைவிட, பத்திரப்படுத்துகிறேன் என்று நாம் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் குற்றவாளி லேமினேஷன். சூடும் பசையும் சேர்ந்து தாளோடு நிரந்தரமாக ஒட்டிவிடுகின்றன. பிரிக்கப் போனால் தாள் கிழியும். பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றில் புடைப்பு முத்திரை, நீர்க்குறி, தாளின் தன்மை ஆகியவற்றைத் தொட்டும் தூக்கிப் பிடித்தும் சரிபார்க்கிறார்கள். பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் அது முடியாது. லேமினேட் செய்த மூலத்தை ஏற்க மறுக்கும் அலுவலகங்களும் உண்டு. அடிக்கடி கையில் எடுக்க வேண்டுமென்றால் நகலை லேமினேட் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக் உறை. எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. கடுமையான வாசனை வீசும் மெத்தென்ற பிவிசி உறைகளில் உள்ள நெகிழ்வூட்டிகள் கசிந்து அச்சு மையை இளக்கும். சில ஆண்டுகள் கழித்து உறையைப் பிரித்தால் எழுத்து பிளாஸ்டிக்கில் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டியிருக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீதுகளுக்கு எந்த உறையும் உதவாது. சூட்டாலும் வெளிச்சத்தாலும் எழுத்து தானாகவே மங்கிப்போகும். அவற்றை வாங்கிய அன்றே ஸ்கேன் செய்வதுதான் ஒரே வழி.

குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடிக்கும். ரப்பர் வளையம் உலர்ந்து தாளில் ஒட்டும். செலோ டேப் மஞ்சளாகி, பசை ஊறிக் கறையை விட்டுவிட்டு உதிர்ந்துவிடும். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் முதலில் கிழியும், ஆகையால் விரித்த நிலையிலேயே வையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமென்றால் உறையின் மேல், அதுவும் தாளை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதுங்கள்.

பிறகு ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். 35க்கும் 50க்கும் இடைப்பட்டது காகிதத்துக்கு இதமானது. மொட்டை மாடி அறையும் தரையடி அறையும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும், குளியலறைச் சுவருக்கு மறுபுறமும் வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில் வையுங்கள். குழாய் உடைந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் நனைவது கீழ்த்தட்டுதான். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் நிறம் மாறியதும் மாற்றுங்கள். நிறைந்துபோன பொட்டலம் வெறும் அலங்காரம்.

படி 5: எங்கே வைப்பது

தீ தாங்கும் பெட்டி வாங்குபவர்கள் ஒரு விவரத்தைக் கவனிப்பதில்லை. காகிதத்துக்கென்று மதிப்பிட்ட பெட்டி, குறிப்பிட்ட நேரத்துக்கு உள்வெப்பத்தை ஏறத்தாழ 177 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கும் என்பதுதான் வழக்கமான அளவுகோல். அந்தச் சூட்டில் காகிதம் பழுப்பேறலாம், எரியாது. ஆனால் அதே பெட்டிக்குள் வைத்த பென் டிரைவும் வன்தட்டும் பிழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மின்சேமிப்புப் பொருட்களுக்கான மதிப்பீட்டில் வரம்பு ஏறத்தாழ 52 டிகிரி. அதற்கு வேறு வகைப் பெட்டி வேண்டும், விலையும் வேறு.

தீ தாங்கும் பெட்டிகளின் சுவரில் பெரும்பாலும் நீரை உள்ளடக்கிய கலவை இருக்கும்; சூட்டில் அது ஆவியாகித்தான் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. அந்தக் காரணத்தாலேயே சாதாரண நாட்களிலும் உள்ளே ஈரம் தேங்கும். தாள்களை மூடிய உறையில் வைத்து, அவ்வப்போது பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். தீ விபத்துக்குப் பின் பெட்டி முழுதாக ஆறும்வரை திறக்காதீர்கள். உள்ளே சூடேறிக் காய்ந்திருக்கும் தாளுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் அப்போது பற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: கையில் தூக்கிப் போகக்கூடிய சிறு பெட்டி என்றால் திருடனுக்கும் அது கைப்பிடி வைத்த பெட்டிதான். தரையோடு திருகி இறுக்குங்கள், அல்லது பார்வையில் படாத இடத்தில் வையுங்கள்.

வங்கி லாக்கர் நல்லதுதான், முதல் குவியலில் பலவற்றுக்கு. ஆனால் விடுமுறை நாளில் அது திறக்காது. உரிமையாளர் இறந்தால் சட்ட நடைமுறை முடியும்வரை திறக்க முடியாமலும் போகலாம். உயிலை அதில் பூட்டி, அந்த உயில் இருந்தால்தான் லாக்கரைத் திறக்க முடியும் என்ற நிலைக்குக் குடும்பத்தைத் தள்ளாதீர்கள். அவசரமாகப் பயணம் போக நேரிடலாம் என்றால் பாஸ்போர்ட்டும் அங்கே இருக்க வேண்டியதில்லை.

படி 6: மின்நகல்

சாதாரண அளவு தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணத்தில், இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் எடுங்கள். பதிவெண் முத்திரை பலமுறை அங்கேதான் இருக்கும். பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். நீண்டகாலப் பாதுகாப்புக்கென்றே பிடிஎஃப்/ஏ என்றொரு வடிவம் 2005 முதல் சர்வதேசத் தரமாக உள்ளது. உங்கள் மென்பொருளில் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தொடங்கினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும்: "2019-06-14_பாஸ்போர்ட்_அம்மா". "ஸ்கேன்0047" என்ற பெயரோடு விட்டால், காகிதக் குவியலை அப்படியே கணினிக்குள் கொட்டியதற்குச் சமம்.

கைபேசியில் படமெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் படம் புகைப்படத் தொகுப்பில் விழும், அங்கிருந்து தானாகவே கிளவுடுக்குப் போகும், அனுமதி கொடுத்த எல்லாச் செயலிகளும் அதைப் பார்க்கும். பூட்டிய இடத்துக்கு மாற்றிய பிறகு தொகுப்பிலிருந்தும் "அண்மையில் நீக்கியவை" பகுதியிலிருந்தும் அழியுங்கள். அரட்டைச் செயலியில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்வது சேமிப்பு ஆகாது.

எத்தனை பிரதி என்பதற்கு 3-2-1 என்றொரு பழைய கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, மறைகுறியாக்கிய (கடவுத்தொடர் இல்லாமல் எவரும் படிக்க முடியாதபடி மாற்றிய) கிளவுட் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். இழுப்பறையில் சும்மா கிடக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஆண்டுகள் போகப்போக மின்னூட்டத்தை இழக்கக்கூடும். எந்தப் பிரதியானாலும் மறைகுறியாக்கம் கட்டாயம். ஏஇஎஸ்-256 முறையைப் பயன்படுத்தும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன; நீளமான கடவுத்தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. முழு எண்கள் கொண்ட பட்டியலும் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கோப்பை உண்மையிலேயே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதி வெறும் நம்பிக்கை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்கேன் நகல் சட்டப்படி மூலத்துக்கு ஈடாகிவிடாது. மூலத்தை மறுபடி வாங்க அது உதவும், அவ்வளவுதான்.

படி 7: காகிதம் பூட்டில், விவரம் தெருவில்

பாஸ்போர்ட்டை இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, அதன் படத்தை ஐந்து விடுதிகளுக்கும் மூன்று முகவர்களுக்கும் அனுப்பியிருப்போம். அடையாளத் திருட்டுக்குக் காகிதம் தேவையில்லை, விவரம் போதும்.

பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இயந்திரம் படிப்பதற்கான அந்த வரிகளில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கின்றன. சிப் பொருத்திய பாஸ்போர்ட்டின் அடிப்படைப் பூட்டைத் திறக்கும் சாவி உருவாவதும் இந்த மூன்றிலிருந்துதான். ஆகவே பயண மகிழ்ச்சியில் சமூக ஊடகத்தில் படம் போடுபவர்கள் மேலே உள்ள எண்ணை மட்டும் மறைத்துப் பயனில்லை. விமானச் சீட்டின் பட்டைக்குறியீட்டிலும் பெயரும் முன்பதிவுக் குறியீடும் உள்ளன. அதையும் போடாதீர்கள்.

மறைப்பதிலும் சறுக்கல் உண்டு. பிடிஎஃப் கோப்பில் கறுப்புக் கட்டம் வரைந்தால் பல மென்பொருட்களில் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். கைபேசியின் மார்க்கர் கோடு ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது, ஒளிர்வைக் கூட்டினால் எண் தெரியும். வெட்டிச் சுருக்கிய திரைப்பிடிப்பிலிருந்து வெட்டிய பகுதியை மீட்க முடிகிற ஓட்டை ஒன்று 2023இல் ஒரு பிரபலக் கைபேசியின் படத்திருத்தியில் அம்பலமானது. என் வழி பழையது: அச்சிட்டு, மறைக்க வேண்டிய இடத்தில் தாள் துண்டை ஒட்டி, மறுபடி ஸ்கேன் செய்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில், அதன் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். "வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும், 12-03-2025" என்று விவரங்களின் மேலேயே ஓடும்படி எழுதினால் அதே தாளைக் காட்டி வேறு ஒருவர் சிம் அட்டை வாங்குவது கடினமாகும். முகமும் எண்ணும் படிக்க முடியாதபடி கிறுக்க வேண்டாம், அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். கடைகளில் உள்ள பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றின் உள்ளே வன்தட்டு உண்டு. எடுத்த நகலின் பிம்பம் அதில் தங்கக்கூடும். முதல் குவியல் தாள்களை வீட்டுக் கருவியிலேயே நகலெடுங்கள்.

இணையக் கணக்குகளில் எதை முதலில் காப்பது என்றால் மின்னஞ்சலை. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி அங்கேதான் வந்து சேர்கிறது. கடவுச்சொல் நீளமாகவும் ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறாகவும் இருக்கட்டும். நினைவில் வைக்கக் கடவுச்சொல் மேலாளரை, அதாவது எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே முதன்மைத் தொடரால் பூட்டிவைக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். காரணமின்றிச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதை அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமே 2017இல் கைவிட்டுவிட்டது. அப்படி மாற்றுபவர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியைவிடக் குறியீடு உருவாக்கும் செயலி மேல். உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிவிடும் மோசடி அதனிடம் பலிக்காது. இந்தச் சரிபார்ப்பை அமைக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு இரண்டாம் குவியலோடு வையுங்கள்.

"உங்கள் தாயாரின் பிறந்த ஊர் எது?" போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தராதீர்கள். உங்கள் உறவினர் பாதிப் பேருக்கு அது தெரியும். பொய்யான பதிலைப் போட்டு, அந்தப் பொய்யைக் கடவுச்சொல் மேலாளரில் எழுதிவையுங்கள்.

படி 8: அழிப்பது

1989இல் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையினர் அவசர அவசரமாகக் கையால் கிழித்துப்போட்ட கோப்புகள் ஏறத்தாழ 16,000 மூட்டைகளில் எஞ்சின. பல பத்தாண்டுகளாக அவற்றில் ஒரு பகுதியை ஒட்டி வைத்துப் படித்திருக்கிறார்கள். 1979இல் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகத்தில் இயந்திரத்தில் நீளப் பட்டைகளாக வெட்டிய தாள்களும் இப்படியே மறுபடி சேர்க்கப்பட்டன. உங்கள் வங்கித் தாளை ஒட்டுவதற்கு எவரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆனாலும் நான்காகக் கிழித்துக் குப்பையில் போடுவது அழிப்பு ஆகாது.

குறுக்குவாட்டிலும் வெட்டும் இயந்திரம் வாங்குங்கள். பி-4 என்ற தரம் வீட்டுக்குப் போதுமானது. ஒவ்வொரு துண்டும் 160 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்கும். இயந்திரம் இல்லையென்றால் வாளி நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கூழாகப் பிசைந்துவிடலாம். பழைய பாஸ்போர்ட்டை மட்டும் அழிக்க வேண்டாம், அதில் காலாவதியாகாத விசா இருக்கலாம். பழைய கைபேசியைக் கைமாற்றும் முன் மறைகுறியாக்கம் இயங்குவதை உறுதிசெய்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுதாக மீட்டமையுங்கள்.

படி 9: தொலைபேசிச் சோதனை

எல்லாம் முடிந்த பிறகு என் தங்கையை வைத்து ஒரு சோதனை செய்தேன். நான் வெளியே போய் அவளை அழைத்து, பட்டியலிலிருந்து ஏதாவது ஓர் ஆவணத்தைச் சொல்வேன். அவள் பட்டியலை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். நான் வாய் திறக்கக் கூடாது. முதல் முறை பட்டியலே எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை! அதன் பிறகு பட்டியலின் இடத்தை இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன்.

நம்பிக்கையான ஒருவரிடம் மூடிய உறை ஒன்றைக் கொடுங்கள். கடவுச்சொல் மேலாளரின் முதன்மைத் தொடர், கைபேசிப் பூட்டெண், பெட்டிச் சாவி இருக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கட்டும். உறையின் வாயில் குறுக்காகக் கையொப்பமிட்டால் யாராவது பிரித்தால் தெரியும். இது வேண்டாம் என்று தோன்றினால், தொடரில் பாதியை ஒருவரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கொடுக்கலாம். பல கடவுச்சொல் மேலாளர்களில் அவசரகால அணுகல் வசதியும் இருக்கிறது: நம்பிக்கையானவர் கேட்டதும் சில நாள் காத்திருப்பு தொடங்கும், அதற்குள் நீங்கள் மறுக்காவிட்டால் திறக்கும்.

வீட்டைவிட்டு உடனே வெளியேற நேர்ந்தால் எடுக்க ஒரு பை: அடையாள ஆவணங்கள், மருந்துச் சீட்டு, கொஞ்சம் பணம், முக்கியத் தொலைபேசி எண்கள் காகிதத்தில். வாசலுக்குப் போகும் வழியில் இருக்கட்டும்.

படி 10: போன பிறகு

திருட்டுப் போனால் வரிசை முக்கியம். முதலில் வங்கி அட்டைகளையும் சிம்மையும் முடக்குங்கள். ஓடிபி வந்துகொண்டிருக்கும் வரை மற்றதெல்லாம் ஆபத்தில்தான். பிறகு மின்னஞ்சல் கடவுச்சொல். அதன் பிறகு காவல் நிலையப் புகார். அதன் நகல் ஒவ்வொரு மாற்று ஆவணத்துக்கும் கேட்கப்படும். பாஸ்போர்ட் என்றால் வழங்கிய அலுவலகத்துக்கோ தூதரகத்துக்கோ உடனே தெரிவியுங்கள். நாடுகள் அந்த எண்ணை இன்டர்போலின் தொலைந்த பயண ஆவணத் தரவுத்தளத்துக்கு அனுப்புகின்றன. தெரிவித்த பின் பாஸ்போர்ட் பையின் அடியில் கிடைத்தாலும் அதை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள், அது செத்துப்போன ஆவணம். உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி கடன் பதிவை முடக்கும் வசதி உங்கள் நாட்டில் இருந்தால் அதையும் செய்யுங்கள்.

தாள்கள் நனைந்துபோனால் பதற்றத்தில் வெயிலில் காயவைக்காதீர்கள், ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீர்கள். பூஞ்சை வர 48 மணி நேரம் போதும். கொஞ்சம் தாள்கள் என்றால் உறிஞ்சும் தாளின் மேல் விரித்து, விசிறிக் காற்றை நேராகப் படாமல் அறையில் சுழலவிட்டு உலர்த்துங்கள். நிறைய என்றால் சிறு கட்டுகளாக மெழுகுத்தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒட்டிய புகைப்படங்களைக் குளிர்ந்த சுத்தமான நீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்க உலர்த்துங்கள். முன்னே சொன்ன 1973 தீயிலும், பிழைத்த கோப்புகளுக்கு அடுத்த ஆபத்து தீயணைப்பு நீரால் வந்தது. நனைந்த காகிதங்களை வெற்றிட அறைகளில் வைத்துத்தான் உலர்த்தினார்கள்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை. முதல் வார இறுதியில் குவித்துப் பிரியுங்கள், இரண்டாவதில் பட்டியல், மூன்றாவதில் ஸ்கேன். ஆண்டில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிக் கணக்கு கொடுத்த மறுநாள் எனக்கு வசதி, தாள்கள் ஏற்கெனவே வெளியே இருக்கும். அன்று காலாவதித் தேதிகளைப் பாருங்கள், ஒரு மின்கோப்பைத் திறந்து பாருங்கள், சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள், வேறொரு ஆளை வைத்துத் தொலைபேசிச் சோதனை செய்யுங்கள். சரிபார்த்த தேதியைப் பட்டியலின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்.